கையெழுத்துக்குக் காரணம் கேட்ட நீதிபதி

தமிழ்நாட்டில் ஒருவரை ஓராண்டு சிறையில் வைக்க வழக்கு நடத்த வேண்டியதில்லை. சாட்சி வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்திட்ட ஓர் ஆணை போதும். ‘குண்டர் சட்டத்தில் கைது’ என்று நாளிதழில் நான்கு வரிச் செய்தி வரும். ‘வேணும் அவனுக்கு’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம். அதே ஆணையை உயர் நீதிமன்றம் சில மாதம் கழித்து ரத்து செய்தால், அந்தச் செய்தி பெரும்பாலும் அச்சேறுவதே இல்லை.

‘இவரை வெளியே விட்டால் ஆபத்து என்று எனக்குத் திருப்தியாகத் தெரிகிறது’ என்று அதிகாரி எழுதிவிட்டால், அதற்கு மேல் நீதிமன்றம் கேள்வி கேட்கலாமா? சென்னையில் தினமும் எழும் இந்தக் கேள்வியை 1941-இல், குண்டுவீச்சில் சிதைந்துகிடந்த லண்டனில், ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். நான்கு பேர் ‘கேட்க முடியாது’ என்றார்கள். கேட்டே ஆக வேண்டும் என்று ஐந்தாமவர் சொன்னார். தோற்றது அவர் கட்சிதான். இன்று சட்டக் கல்லூரிகளில் அந்த நான்கு பேரின் வாதத்தை யாரும் பெருமையாகப் படிப்பதில்லை.

அவர் பெயர் ஜேம்ஸ் ரிச்சர்ட் அட்கின். குண்டர் சட்டமும் இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டமும் பேசுபொருளாக இருக்கிற இந்த நேரத்தில் அவரைப் பற்றி நம் வாசகர் தெரிந்துகொள்வது நல்லது.

பிரிஸ்பேனில் பிறந்த ‘ஆங்கிலேய’ நீதிபதி

ஆங்கிலேய நீதிபதி என்று சொல்கிறோமே தவிர, அட்கின் இங்கிலாந்தில் பிறந்தவர் அல்ல. 1867 நவம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பிறந்தார். தந்தை அயர்லாந்துக்காரர், குயின்ஸ்லாந்தில் பத்திரிகையும் அரசியலும் பார்த்தவர். மகனுக்கு ஐந்து வயது ஆவதற்குள் 1872-இல் காலமானார். அதற்கு முன்பே தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேல்ஸில் தன் பெற்றோர் வீட்டுக்கு வந்துவிட்டார். அட்கினை வளர்த்ததில் பாட்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த வீட்டில் ஒரு பழைய கதை இருந்தது. தாத்தா லாரன்ஸ் ரக், மருத்துவச் சான்றிதழின் பேரில் லண்டனுக்கு மேற்கே ஹில்லிங்டனில் இருந்த மூர்கிராஃப்ட் மனநோயாளர் விடுதியில் அடைக்கப்பட்டவர். ஏற்பாடு செய்தவர் அவருடைய மனைவி, அதாவது அட்கினை வளர்த்த அதே பாட்டி. 1858-இல் ஜூரி முன்பு நடந்த விசாரணையில் அவர் தெளிந்த மனம் உடையவர் என்று முடிவாகி வெளியே வந்தார். சான்றிதழ் எழுதிய மருத்துவருக்கு அந்த விடுதியிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது அம்பலமாயிற்று. ரக் வழக்குத் தொடுத்து 500 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். பேரனின் தீர்ப்பில் இதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனாலும், ஒரு தாளில் போட்ட கையெழுத்து ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்பதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அட்கின் இருக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1891-இல் லண்டனில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். தொடக்க வருடங்களில் கட்சிக்காரர் கிடைக்காமல் காத்துக் கிடந்தார். பிறகு வணிக வழக்குகளில் பெயர் எடுத்து, 1913-இல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1919-இல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி, 1928-இல் அந்நாட்டின் அன்றைய உச்ச பீடமான பிரபுக்கள் அவையின் சட்டப் பிரபு என்று படிப்படியாக மேலே வந்தார். எட்டுப் பிள்ளைகள், மூத்த மகனை முதல் உலகப் போரில் பறிகொடுத்தார். போர்க்காலத்தில் அரசை எதிர்த்து எழுதியவருக்கு நாட்டுப் பாதுகாப்பைப் பற்றி என்ன கவலை என்று பின்னாளில் சிலர் முணுமுணுத்தார்கள். மகனைப் போரில் இழந்தவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

சோடா பாட்டிலில் நத்தை

அட்கினை உலகம் அறிந்தது ஒரு பானப் பாட்டில் வழக்கால். 1928 ஆகஸ்ட் 26 அன்று, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ அருகே பெய்ஸ்லியில் ஒரு கடையில் மே டோனகியூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி ஐஸ்கிரீமும் இஞ்சி பானமும் வாங்கித் தந்தார். கறுப்புக் கண்ணாடி பாட்டில். உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது என்பது அவர் புகார். உடம்புக்கு முடியாமல் போயிற்று.

பாட்டிலுக்குக் காசு கொடுத்தது தோழி. ஆகவே டோனகியூவுக்கும் கடைக்காரருக்கும் ஒப்பந்தம் இல்லை. தயாரிப்பாளரோடு சுத்தமாக இல்லை. அன்றைய சட்டப்படி அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ‘ஐந்து பவுண்டு பெறுமானமுள்ள சொத்துகூட எனக்கு இல்லை’ என்று பிரமாணம் எழுதிக்கொடுத்து, ஏழை வழக்காடியாகவே அவர் பிரபுக்கள் அவை வரை வந்தார்.

1932 மே 26 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் அட்கின். நம் செயலால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று நியாயமாக எண்ணிப் பார்க்க முடியுமோ, அவர்கள் விஷயத்தில் கவனமாக நடக்க வேண்டியது நம் கடமை என்றார். ஒப்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பது பிறகு. குளிர்பானத்தில் பல்லி கிடந்தது, மருந்தில் கலப்படம் என்று நம் ஊரில் நஷ்டஈடு கேட்கும் ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கிறார்.

தயாரிப்பாளரை நோக்கி அன்று கேட்ட அதே கேள்வியை ஒன்பது ஆண்டு கழித்து ஓர் அமைச்சரை நோக்கியும் அவர் கேட்டார். அடுத்தவர் வாழ்க்கையைத் தொடுகிறவன் அதற்குப் பதில் சொல்ல வேண்டாமா?

‘காரணம் உண்டு’ என்று சொன்னாலே போதுமா?

1939-இல் போர் தொடங்கியதும் பிரிட்டன் 18பி என்ற விதியைக் கொண்டுவந்தது. எதிரியோடு தொடர்புள்ளவர் என்று கருதினால் உள்துறை அமைச்சர் ஒருவரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். முதலில் எழுதப்பட்ட வாசகத்தின்படி அமைச்சருக்குத் ‘திருப்தி’ ஏற்பட்டால் போதும். நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அதன் பிறகு, அமைச்சர் நம்புவதற்கு ‘நியாயமான காரணம் இருக்க வேண்டும்’ என்று மாற்றினார்கள். கடிவாளம் வேண்டும் என்று தெரிந்தே செய்த திருத்தம் அது.

போர்க்காலம் முழுவதும் சுமார் 1,800 பேர் இந்த விதியின்கீழ் உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவர் ராபர்ட் லிவர்சிட்ஜ். லண்டன் யூதக் குடும்பத்தில் ஜாக் பெர்ல்ஸ்வைக் என்று பிறந்து பெயரை மாற்றிக்கொண்டவர். பிரிட்டிஷ் விமானப்படையில் அதிகாரியாக இருந்தபோதே 1940 மே மாதம் பிரிக்ஸ்டன் சிறைக்கு அனுப்பப்பட்டார். ஹிட்லருக்கு யூதர் ஒருவர் உளவு பார்ப்பாரா என்று யாருக்கும் தோன்றும். அவர் கேட்டதோ சின்ன விஷயம்: ‘என்னை ஏன் அடைத்தீர்கள்? விவரம் சொல்லுங்கள்.’

ஆணையில் கையெழுத்திட்டவர் சர் ஜான் ஆண்டர்சன். இந்தப் பெயர் இந்தியருக்குப் புதிதல்ல. 1932 முதல் 1937 வரை வங்காள ஆளுநராக இருந்தவர். 1934-இல் டார்ஜிலிங் அருகே அவரைச் சுட்டுக் கொல்ல முயற்சி நடந்தது. அந்த வங்காளத்தில் புரட்சியாளர்கள் என்ற சந்தேகத்தில் பெரும் எண்ணிக்கையில் இளைஞர்கள் விசாரணையின்றி முகாம்களில் கிடந்தார்கள். நம் சென்னை மாகாணத்திலும் 1819-ஆம் ஆண்டு இரண்டாம் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று இதே வேலையைச் செய்துவந்தது. குடியேற்ற நாடுகளில் பழகிய கை லண்டனிலும் கையெழுத்திட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1941 நவம்பர் 3 அன்று தீர்ப்பு. அதே ஆண்டு மே மாதம் ஜெர்மன் குண்டுகள் வெஸ்ட்மின்ஸ்டரில் மக்களவைக் கூடத்தை நொறுக்கியிருந்தன. எதிரி கால்வாயைத் தாண்டி வந்துவிடுவான் என்ற பயம் பொய்ப் பயம் அல்ல. மாம், மெக்மில்லன், ரைட், ரோமர் என்ற நான்கு பிரபுக்களும் கெட்ட நீதிபதிகளும் அல்லர். ‘அமைச்சர் தன்னிடம் காரணம் இருப்பதாக நல்லெண்ணத்தோடு நம்பினால் அதுவே போதும், ரகசியத் தகவலை நீதிமன்றத்தில் அவிழ்க்கச் சொல்ல முடியாது’ என்று முடிவு செய்தார்கள்.

அட்கினுக்கு அப்போது வயது 73. காவலர் ஒருவர் வாரண்ட் இல்லாமல் கைது செய்தால், ‘நியாயமான காரணம் இருந்ததா’ என்று நீதிமன்றம் நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறது. அதே சொல் அமைச்சர் விஷயத்தில் மட்டும் வேறு பொருள் தருமா என்று வழக்கு வழக்காக, சட்டம் சட்டமாக எடுத்து அடுக்கினார். ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்திருக்கிறது என்பதும், முறிந்திருப்பதாக அவன் நினைத்துக்கொள்கிறான் என்பதும் ஒன்றாகுமா என்று கேட்டார். அரசைவிட அதிக அரச விசுவாசம் காட்டுகிறார்கள் நீதிபதிகள் என்று சக நீதிபதிகளையே குத்தினார். முதலாம் சார்லஸ் மன்னன் காலத்து நீதிமன்றத்தில் எடுபட்டிருக்கக்கூடிய வாதங்களை இப்போது கேட்க நேர்ந்ததே என்று வருந்தினார்.

அதோடு விடவில்லை. நான் சொல்கிற சொல்லுக்கு நான் வைப்பதுதான் பொருள் என்று அடம்பிடிக்கும் ஹம்ப்டி டம்ப்டியை, லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையிலிருந்து தீர்ப்புக்குள் இழுத்து வந்தார். தீர்ப்பு வாசிக்கப்படுவதற்கு முன்பே அது சைமன் பிரபுவின் கண்ணில் பட்டது. அவர் அன்றைய லார்ட் சான்சலர். அந்தப் பகுதியை எடுத்துவிடக் கூடாதா என்று நயமாகக் கடிதம் எழுதினார். அட்கின் எடுக்கவில்லை.

தீர்ப்பு வந்த சில நாளில், நாவலாசிரியர் சாமர்செட் மாமின் அண்ணனான மாம் பிரபு, டைம்ஸ் நாளிதழுக்கே கடிதம் எழுதி அட்கினைக் கண்டித்தார். தீர்ப்பு சொன்ன நீதிபதி ஒருவர், உடன் அமர்ந்த நீதிபதியைப் பத்திரிகையில் சாடுவது அங்கே கேள்விப்படாத காரியம். சாப்பாட்டு மேசையில்கூட சகாக்கள் அவரை ஒதுக்கினார்கள் என்று சொல்வார்கள். 1944 ஜூன் 25 அன்று அட்கின் காலமானார். போர் முடிந்து 18பி விதி விலக்கப்பட்டதைப் பார்க்க அவர் இல்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கைதிகளிடம் இளகிய மனம் கொண்டவர் என்று அட்கினை நினைத்துவிடக் கூடாது. 1937-இல் புரி ரயில் நிலையத்தில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கிடந்த இரும்புப் பெட்டிக்குள் துண்டு துண்டான ஒரு சடலம் கிடைத்தது. அந்தக் கொலை வழக்கின் மேல்முறையீடு, பாகால நாராயண சுவாமி வழக்கு, லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1939-இல் அட்கின் தீர்ப்பெழுதினார். குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டு, மீதிச் சான்றுகள் போதும் என்று தண்டனையை உறுதி செய்தார். குற்றவாளியைத் தண்டிக்கலாம், சட்டப்படி நிரூபித்துவிட்டு. அவர் நிலைப்பாடு அவ்வளவுதான். நம் சட்ட மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்காமல் தேர்வுக்குப் போவதில்லை.

கொழும்பில் விழுந்த முதல் விரிசல்

நான்கு பேர் தீர்ப்பில் முதல் விரிசலை உண்டாக்கியது இலங்கையிலிருந்து போன வழக்கு. கொழும்பு ஜவுளி வியாபாரி நக்குடா அலியின் உரிமத்தை, ஜவுளிக் கட்டுப்பாட்டு அதிகாரி ஜயரத்ன ரத்து செய்தார். நியாயமான காரணம் இருந்ததா என்ற அதே சிக்கல். பிரிவி கவுன்சிலில் ராட்கிளிஃப் பிரபு, அதிகாரிக்கு உண்மையிலேயே காரணம் இருந்திருக்க வேண்டும், லிவர்சிட்ஜ் தீர்ப்பைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். அலி வழக்கில் தோற்றார் என்பது வேறு கதை. 1980-இல் லண்டன் பிரபுக்கள் அவையே, அந்த நால்வர் தவறிழைத்தார்கள், அட்கின் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு பிடித்தது.

2004 டிசம்பர் 16 அன்று இன்னொரு பெரிய தீர்ப்பு. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் வந்த சட்டத்தால், வெளிநாட்டவர் சிலரை லண்டன் பெல்மார்ஷ் சிறையில் விசாரணையின்றி வைத்திருந்தார்கள். ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அது மனித உரிமைக்கு முரண் என்றார்கள். தலைமையேற்ற பிங்கம் பிரபு, லிவர்சிட்ஜ் வழக்கைப் பற்றித் தனியாக உரையாற்றும் அளவுக்கு அட்கினைக் கற்றவர்.

இங்கிலாந்து இப்போது சுத்தம் என்று யாரும் எண்ண வேண்டாம். குடியேற்றக் காரணங்களுக்காக ஒருவரை எத்தனை நாள் அடைத்து வைக்கலாம் என்பதற்கு அங்கே சட்டத்தில் உச்சவரம்பு இன்றுவரை இல்லை. புகலிடம் கேட்டு வந்த ஈழத் தமிழர் பலர் ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் அடைபட்டு, எப்போது விடுவார்கள் என்று தெரியாமல் இருந்திருக்கிறார்கள். அட்கினின் தாத்தா அடைபட்டதும் அதே ஹில்லிங்டன் பகுதியில்தான்.

நம் ஊர் நிலவரம்

இந்தியாவில் 1950-இலேயே இந்தப் பரீட்சை வந்தது. சென்னைச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகளில் நால்வர் தடுப்புக் காவல் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றார்கள். 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலையின்போது, ஜபல்பூர் வழக்கில் நிலைமை இன்னும் மோசம். ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று நால்வர் சொல்ல, எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அதன் விலையாகத் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. 2017-இல்தான் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் துடைத்தெறிந்தது.

தமிழ்நாட்டின் குண்டர் சட்டம் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது, பின்வந்த எந்த ஆட்சியும் கைவிட்டதில்லை. கள்ளச்சாராயம், போதைப்பொருள், குடிசை நில அபகரிப்பு என்று தொடங்கிய பட்டியலில் வனக்குற்றம், திருட்டு வீடியோ, மணல் கடத்தல், பாலியல் குற்றம், இணையக் குற்றம் எல்லாம் சேர்ந்துகொண்டன. தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் நம் மாநிலம் நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது.

நடைமுறை இப்படி. ஒரு வழக்கில் கைதாகி ரிமாண்டில் இருப்பவர் ஜாமீன் கேட்பார். வெளியே வந்துவிடுவார் என்று தெரிந்ததும் ஆய்வாளர் கோப்பு தயாரிப்பார். ஆட்சியரோ ஆணையரோ கையெழுத்திடுவார். ஐந்து நாளுக்குள் காரணங்களைக் கைதியிடம் தர வேண்டும். பன்னிரண்டு நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். சிறை வாசலுக்கு வரும் ஆவணக் கட்டு சில நேரம் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். பாதி பக்கம் மங்கிய நகல். கூலி வேலை செய்யும் மனைவி அதை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு வழக்கறிஞர் தேடி அலைவார்.

அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கைதிக்கு இல்லை. அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு சாதாரணக் கைதிக்குத் தரும் அந்த உரிமையைத் தடுப்புக் காவல் கைதிக்கு மறுக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் தன் வழக்கைத் தானே பேச வேண்டும்.

அடுத்த வழி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அங்கே ஆணைகள் அடிக்கடி ரத்தாகின்றன: நகல் படிக்க முடியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம், ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது ‘ஜாமீனில் வருவார்’ என்று எழுதியது. ரத்தாவதற்குள் நான்கைந்து மாதமாவது ஓடிவிடும். கைதி உண்மையிலேயே ஆபத்தானவர் என்றால், அரைகுறை வேலையால் அவரும் வெளியே வருகிறார். அப்பாவி என்றால் போன மாதங்கள் போனதுதான். இரண்டு வகையிலும் தோற்பது பொதுமக்கள்.

2011-இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கே தெளிவாகச் சொன்னது: சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடிகிற விஷயத்துக்குத் தடுப்புக் காவலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். அதன் பிறகும் 2017-இல் மெரினாவில் ஈழத் தமிழர் நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி மீது இந்தச் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-இல் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது பாய்ந்தது, ஆகஸ்டில் ரத்தானது. முதலாவது அ.தி.மு.க. ஆட்சி, இரண்டாவது தி.மு.க. ஆட்சி. அவர்கள் பேசியது நமக்குப் பிடிக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. பெயர் தெரிந்தவர்களுக்கு மூத்த வழக்கறிஞர்கள் ஓடி வருவார்கள். பெயர் தெரியாத வியாசர்பாடிப் பையனுக்கு யார் வருவார்?

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் தற்காலிகம் என்ற பெயரில் வந்தது. அமைச்சர் ‘நம்பவோ சந்தேகிக்கவோ காரணம் இருந்தால்’ தடுப்பு ஆணை இடலாம் என்கிறது அதன் 9-ஆம் பிரிவு. லிவர்சிட்ஜ் வழக்கில் அட்கின் பிடித்த அதே முடிச்சு. 18 மாதம் வரை வைக்கலாம் என்றிருந்ததை 2022 திருத்தம் 12 மாதமாகக் குறைத்தது. நீக்குவோம் என்ற வாக்குறுதி மட்டும் ஆட்சிக்கு ஆட்சி வருகிறது.

என்ன செய்யலாம்?

குண்டர் சட்டத்தை நாளையே எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் எந்த அரசும் கேட்காது. கந்துவட்டிக் கும்பலுக்கும் கூலிப்படைக்கும் பயந்து வாழும் தெருக்களில் மக்களும் ஏற்க மாட்டார்கள். அட்கின் கேட்டதை மட்டும் கேட்போம். காரணத்தைக் காட்டு.

ஜாமீனில் வந்தவர் மீண்டும் குற்றம் செய்வார் என்று பயந்தால், ஜாமீனை எதிர்க்கவும் ரத்து செய்யக் கோரவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழி ஏன் போதவில்லை என்று ஒவ்வொரு ஆணையிலும் தனியாக எழுத வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. உள்துறைச் செயலாளரின் சுற்றறிக்கை ஒன்று போதும்.

தடுப்புக் காவல் மனுக்களைத் தாக்கலான எட்டு வாரத்துக்குள் முடிக்க உயர் நீதிமன்றம் தனி அமர்வு ஒதுக்கலாம். சென்னையிலும் மதுரையிலும் இதற்கான சுமை உண்டு என்பது தெரியும். ஆனால் பன்னிரண்டு மாதக் காவலுக்கு எதிரான மனு ஆறாவது மாதத்தில் விசாரணைக்கு வந்தால் அது நிவாரணமே அல்ல.

மாவட்ட வாரியாக எத்தனை ஆணைகள் போட்டார்கள், எத்தனையை அறிவுரைக் கழகம் ஏற்கவில்லை, எத்தனை நீதிமன்றத்தில் ரத்தாயின, எந்தக் காரணத்தால் என்பதை அரசு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கட்டும். மங்கிய நகல் காரணமாகவே ஒரு மாவட்டத்தில் ஆணைகள் தொடர்ந்து விழுந்தால் அங்கே யார் வேலை பார்க்கவில்லை என்பது தெரிந்துபோகும். மனத்தைச் செலுத்தாமல் போட்ட ஆணை என்று நீதிமன்றம் சொன்னால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடும் கிடைக்க வேண்டும். நத்தை கிடந்த பாட்டிலுக்கு ஒரு நீதி, கவனமின்றிப் போட்ட கையெழுத்துக்கு வேறு நீதியா?

அறிவுரைக் கழகத்தில் வழக்கறிஞரை அனுமதிக்க மாநில அரசே சட்டத்தைத் திருத்தலாம். அரசியலமைப்பு அந்த உரிமையைத் தரவில்லை. ஆனால் தரக் கூடாது என்று தடுக்கவும் இல்லை.

இந்தச் சட்டத்தில் வீட்டில் ஒருவர் கைதானால் குடும்பத்தார் காத்திருக்க வேண்டாம். முறையீடு செய்யும் உரிமை அரசியலமைப்பு தந்தது. ஆணையிட்ட அதிகாரிக்கும் அரசின் உள்துறைக்கும் உடனே பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதைப் பரிசீலிக்கத் தாமதமானாலே ஆணை விழலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமையாகவே உண்டு.

டெல்லி செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நெருக்கடி நிலையின் அனுபவத்தில் 1978-இல் நிறைவேறிய 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அறிவுரைக் கழகத்தைக் கேட்காமல் வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. கழகத்தின் தலைவராக உயர் நீதிமன்றத்தின் பதவியில் உள்ள நீதிபதியே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின, குடியரசுத் தலைவரும் ஒப்புதல் தந்தார். அந்த ஒரு பிரிவு நடைமுறைக்கு வர மத்திய அரசு அரசிதழில் தேதி அறிவித்தால் போதும். அதன் பிறகு எத்தனையோ கட்சிகள் டெல்லியில் ஆண்டுவிட்டன. இன்றுவரை யாரும் அந்த அறிவிக்கையை வெளியிடவில்லை.